மைக்கில் சொன்ன மரணம்

அத்தியாயம் 17

பஸ்ஸின் படியில் நின்று டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்த கைடு, அடுத்து ஏறிய கைப்பையைப் பார்த்ததும் கிழிப்பதை நிறுத்திவிட்டார். பழுப்பு நிறக் கைப்பை. அறுந்த வாரை ஒரு பக்கம் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலைப் போட்டவரே அவர்தான்.

நிமிர்ந்து பார்த்தால், மனைவி.

"என்ன முழிக்கிறீங்க? கிழிங்க" என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால் மகள். மகளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா. கடைசியாக, கழுத்தில் கேமராவோடு சம்பந்தி.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் தங்கி ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்றும், இன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கல்யாணத் தேதியை முடிவு செய்வதென்றும் போன வாரமே பேசியாகிவிட்டது. "அப்பா பஸ்ஸே இருக்கே!" என்று மகள் குதித்ததும், "என் பஸ்ல ஏசி சரியில்லம்மா" என்று நம் கைடு வாய் கூசாமல் அளந்ததும், இரண்டாம் நம்பர் பஸ்ஸில் அடித்துப் பிடித்து நான்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏன் அப்படிப் பதறினார் என்பதுதான் அப்போது யாருக்கும் புரியவில்லை.

"கவுண்டர்ல சொல்லி மாத்திக்கிட்டேம்பா" என்றாள் மகள். "சொந்த அப்பா இருக்கும்போது வேற யாரோ பேசுறதைக் கேட்டா, அத்தை என்ன நினைப்பாங்க?"

சம்பந்தியம்மா தலைக்கு மேல் கையை நீட்டிப் பார்த்தார். "ஏசி ஜில்லுன்னுதானே வருது?"

"இன்னிக்குத்தான் சரி பண்ணாங்க" என்றார் கைடு. இந்த நாளின் முதல் பொய்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறார். மனைவி இவர் பஸ்ஸில் ஏறியது இதுவே முதல் தடவை. ஆரம்பத்தில் குழந்தை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு முதுகுவலி என்று அவளுக்கே ஆயிரம் காரணம் இருந்தது. ஏழு வருஷமாகக் காரணங்களை அவர் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் ஏழு வருஷமாக அந்த பஸ்ஸில் அவள் உயிரோடு இல்லை.

கதை இதுதான். ஊரில் சுற்றுலா பஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் மலைமேல் இருக்கும் பார்வைத் தளம் ஒரு தலைவலி. அரண்மனைக்குக் கூட்டிப் போனால் கூடவே வருவார்கள். மணிக்கூண்டில் இறக்கிவிட்டால் வெயிலுக்குப் பயந்து ஓடி வந்துவிடுவார்கள். மலையில் விட்டால் போச்சு. காற்று வாங்குவார்கள், தொலைநோக்கிக்கு வரிசையில் நிற்பார்கள், பொம்மைக் கடையில் பேரம் பேசுவார்கள், ஒருத்தரும் சொன்ன நேரத்துக்குத் திரும்ப மாட்டார்கள். அதற்குள் அடுத்துப் போக வேண்டிய அருங்காட்சியகத்தின் கதவை அடைத்துவிடுவார்கள். திட்டு முழுவதும் கைடுக்கு.

கெஞ்சிப் பார்த்தார். கண்டிப்பாகப் பேசிப் பார்த்தார். ஹாரனை விட்டு விட்டு அடிக்கச் சொன்னார். எதற்கும் ஒரு பயல் அசையவில்லை.

அப்போதுதான் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் மலையில் பஸ்ஸை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, "தயவுசெஞ்சு லேட் பண்ணாதீங்க. நான் ஒருநாள் லேட் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியில என் மனைவி…" என்று ஆரம்பித்தவருக்கு, நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே பேச வரவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

பஸ்ஸே அமைதியாகிவிட்டது. இறங்கும்போது ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்குங்க தம்பி" என்றார். அன்று அத்தனை பேரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்லைங்க, அவ நல்லா இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினார். அதற்கு அடுத்த வாரம் வந்த கூட்டத்துக்கு அந்த நிறுத்தம் புரியவில்லை. ஆகவே வெளிப்படையாகவே சாகடித்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவ்வளவு கஷ்டமாக இல்லை. பழகிவிட்டது. டிரைவர் அதற்கு 'மருந்து' என்று பெயரே வைத்துவிட்டார். மலை ஏறும்போது கண்ணாடியில் பார்த்து, "மருந்து குடுத்துரலாமாண்ணே?" என்று கேட்பார்.

வாரத்துக்கு ஆறு நாள் செத்துக்கொண்டிருந்தாள் அந்த மகராசி. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பவளும் அவளே.

இன்றைக்கு மருந்து கிடையாது, அவ்வளவுதானே? என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மைக்கை எடுத்தார். ஒருநாள் அருங்காட்சியகம் அடைத்தால் அடைத்துவிட்டுப் போகட்டும்.

முதல் வரிசையில் பெரிய ஓலைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கையை ஆட்டினார். "என்னை ஞாபகம் இருக்கா? போன வருஷம் வந்திருந்தேன். உங்க பேச்சைக் கேக்கணும்னே இந்தத் தடவை என் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"மறக்க முடியுமாம்மா?" என்றார் கைடு. சுத்தமாக மறந்திருந்தார். அந்த அம்மாளுக்கு நேர் பின்சீட்டில்தான் மனைவியும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை அவர் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. அரண்மனையில் ராஜாவின் கட்டிலைக் காட்டி, "இவ்வளவு பெரிய கட்டில், ஆனா ராஜாவுக்குத் தூக்கமே வராதாம். காரணம், எல்லா ராணிகளும் ஒரே மாடியில இருந்தாங்க" என்றபோது பஸ் கூட்டம் முழுவதும் சிரித்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணிக்கூண்டின் கதையைச் சொன்னபோது கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் என்னமா பேசுறார்!" என்றார் சம்பந்தியம்மா.

"வீட்டுல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். ரேடியோவை இங்க வந்துதான் போடுவார்போல" என்றாள் அவள். குறையாகச் சொன்னாலும் குரலில் பெருமை வழிந்தது.

அந்தப் பெருமை அவர் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் இவளை ஒருநாள்கூடக் கூட்டிக்கொண்டு வராமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நின்றிருந்தால் தேவலையே.

பஸ் மலை ஏறியது. டிரைவர் வழக்கம்போல் கண்ணாடியில் பார்த்தார். கைடு தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். டிரைவர் பின்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று ரோட்டைப் பார்த்தார். அண்ணி ஏறியதை அவரும் கவனித்திருந்தார்.

பார்வைத் தளத்தில் வண்டி நின்றது.

"அரை மணி நேரம். சீக்கிரம் வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை மாட்டப் போனார்.

தொப்பிக்காரம்மா எழுந்து நின்றார்.

"அவ்வளவுதானா? இன்னிக்கு அதைச் சொல்லலையா?"

"எதைம்மா?"

"சொல்ல மனசு வரலபோல, பாவம். எத்தனை தடவைதான் சொல்லுவார்!" அந்த அம்மாள் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார். "நான் சொல்றேன். இவர் எதுக்கு சீக்கிரம் வரச் சொல்றார்னு எல்லாருக்கும் தெரியணும்."

"அம்மா, வேண்டாம்மா" என்றார் கைடு.

"பாருங்க, குரலே நடுங்குது!" என்றார் தொப்பிக்காரம்மா, தன் தங்கையிடம்.

"அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், உக்காருங்க."

கெஞ்சக் கெஞ்ச, அது துக்கம் என்றே பஸ்ஸில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள்.

"இவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன். அன்னிக்கு ஆபீஸ்ல இவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். இன்னொரு கைடு தயாரா நின்னாராம், 'நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்'னு. ஆனா அன்னிக்கு வந்த கூட்டம் இவர்தான் வேணும்னு கைதட்டிக் கேட்டிருக்கு. மனுஷன்தானே, உச்சி குளிர்ந்துபோச்சு. ஒரு ட்ரிப்தானே, போயிட்டு வந்துடலாம்னு கிளம்பிட்டார். இதே மலையில கூட்டம் லேட் பண்ணிருச்சு. அங்க அந்தப் புண்ணியவதி…" அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போய்ச் சேர்ந்துட்டாங்க. இவர் முகத்தைப் பாக்காமலே."

சம்பந்தியம்மா வாயைத் திறந்தவர் மூடவில்லை. கைடைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புண்ணியவதியைப் பார்த்தார். மறுபடி கைடைப் பார்த்தார்.

மனைவி முன்பக்கம் சாய்ந்து, தொப்பிக்காரம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அந்த அம்மாவுக்கு என்ன ஆபரேஷனாம்?"

"வயித்துல கட்டியாம். உள்ள கொண்டுபோற வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்தாங்களாம். 'வந்துடுவார், வந்துடுவார்'னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டே."

"ஆமா" என்றாள் அவள், மெதுவாக.

"உங்களுக்கும் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

கைடுக்கு மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் முடிந்தது. இந்தத் தரை பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தார். பஸ்ஸின் தரை பிளந்தால் ரோட்டில்தான் விழ வேண்டும், அதுகூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஜனங்கள் வரிசையாக இறங்கினார்கள். சும்மா இறங்கவில்லை. ஒவ்வொருத்தரும் அவர் தோளைத் தொட்டார்கள். "தைரியமா இருங்க சார்." "நாங்க சீக்கிரம் வந்துடுறோம் சார்." ஜன்னல் வழியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததால் நடந்தது எதையும் கேட்காத சம்பந்தியும், எல்லோரும் செய்வதைப் பார்த்து, "தைரியமா இருங்க சம்பந்தி" என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். சம்பந்தியம்மா தன் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாலடி போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"சாயந்தரம் எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க?"

"ஆறு மணிக்கு… தேதி பேச…"

"தேதி இருக்கட்டும். அதுக்கு இப்ப என்ன அவசரம்" என்றார் சம்பந்தியம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மனைவி இறங்கிப் போனதை அவர் பார்த்தார். தோளைத் தொடாமல் போனவள் அவள் ஒருத்திதான். மகள் மட்டும் படியிலேயே நின்றாள்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"பாப்பா, அது ஒரு… கூட்டத்தை வரவைக்கிறதுக்காக…"

"டிரைவர் மாமாவுக்குத் தெரியுமா?"

டிரைவர் திடீரென்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஊருக்கே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது" என்றாள் மகள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல நான்தாம்பா இருந்தேன். வண்டி பழுதாயிடுச்சுன்னு சொல்லிட்டு நீங்க வந்து நின்னப்போ உங்களுக்காகத்தான் அழுதேன். அப்பா பாவம், வெயில்ல கிடந்து தவிச்சிருப்பாரேன்னு."

"பாப்பா…"

"அந்த அம்மா சொன்னதுல எது நிஜம்? அம்மா செத்தது பொய். மிச்சம்?"

ஒரு நல்ல பொய்கூட அந்த நேரத்தில் அவர் வாயில் வரவில்லை. மகள், "அத்தைகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மனைவி கூட்டத்தை விட்டு விலகி, கம்பித் தடுப்பின் ஓரமாக ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. ஆயிரம் தடவை அவர் கை நீட்டிக் காட்டிய ஊர். இன்று எதையும் காட்டத் தோன்றவில்லை. பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரத் தைரியம் வராமல் நின்றார்.

"மன்னிச்சுடு" என்றார்.

"எதுக்கு?"

"உன்னைப் போய்… அப்படிச் சொன்னதுக்கு. வாய்தவறி ஆரம்பிச்சது. அப்புறம் விட முடியல. சத்தியமா உனக்கு ஒரு கெடுதலும் நினைச்சதில்ல."

"அது கெடக்கு" என்றாள் அவள். "சாகடிச்சதுக்கு எனக்குக் கோவமே வரல. சிரிப்புதான் வந்துச்சு. நல்ல சாவாத்தான் குடுத்திருக்கீங்க, ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் எனக்காக அழுறாங்க."

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைக்கவில்லை.

"அந்த சட்டை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எந்த சட்டை?"

"அன்னிக்குப் போட்டுட்டு வந்தீங்களே, வெள்ளை சட்டை. கைப்பக்கம் பூராவும் கிரீஸ். வண்டிக்கு அடியில படுத்து டிரைவரோட சேர்ந்து பழுது பார்த்தேன்னீங்க."

ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சக்கரத்தின் நடுவில் விரலை விட்டு கிரீஸை எடுத்து, தன் சட்டைக் கையில் தானே பூசிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருந்தது. இதை மட்டும் அவர் மைக்கில்கூடச் சொன்னதில்லை.

"வீட்டுக்கு வந்ததும் அந்தக் கறையைத்தான் முதல்ல தேய்ச்சேன்" என்றாள் அவள். "வயித்துல தையல் இருந்துச்சு. குனிய முடியல. ஸ்டூல் போட்டு உக்காந்து, ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தேய்ச்சேன். எனக்காக அந்த மனுஷன் வண்டிக்கு அடியில கிடந்தாரேன்னு நினைச்சு நினைச்சுத் தேய்ச்சேன். கறை போகல. இருந்தாலும் அந்த சட்டையைத் தூக்கிப் போட மனசு வரல."

"அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"பயமா? பஸ்ல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் நிஜத்தைச் சொல்லியிருக்கீங்களே. கைதட்டினதும் போயிட்டேன்னு, உச்சி குளிர்ந்துபோச்சுன்னு. யாருன்னே தெரியாதவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. அவங்ககிட்ட நான் செத்தது மட்டும்தான் பொய். என்கிட்ட நான் பிழைச்சது மட்டும்தான் நிஜம்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த இடத்தில் கண்ணீர் வருவது அவருக்குத் தினசரிப் பழக்கம். அவள் அதை நம்புவாளா என்று யோசித்ததும் அழவும் கூச்சமாகிவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வா, பஸ்ஸுக்குப் போலாம். சம்பந்தியம்மா ஒரு மாதிரி பேசிட்டுப் போறாங்க. பாப்பா விஷயம்…"

"நீங்க போங்க. டிக்கெட் இருக்கு, நான் அடுத்த பஸ்ல வரேன்."

"சாயந்தரம் வீட்டுல நீ இல்லன்னா எப்படி? பொண்ணோட அம்மா இல்லாம என்ன பேசறது?"

"செத்தவளுக்கு அங்க என்ன வேலை?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "வருவேனா மாட்டேனான்னு இன்னும் எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

"நானும் இருக்கேன். கூட்டம் எப்படியோ போகட்டும். பஸ் போகட்டும். நீ வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். குரலில் நடிப்பு இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பெஞ்சில் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, லேசாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது கீழே பஸ் ஹாரன் அடித்தது. கூட்டம் சொன்னபடியே சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு தடவை, நீளமாக.

அவர் திரும்பிவிட்டார். நினைத்துத் திரும்பவில்லை. இருபது வருஷப் பழக்கம், உடம்பே திரும்பிவிட்டது. இரண்டு எட்டு வைத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. நின்று, அவளைப் பார்த்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் பக்கம் திரும்பியிருந்த அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.